ஐந்து காலி நாற்காலிகள்

ஒரு மனிதனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்ட குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னால், வாசகர்களே, நீங்கள் நம்புவீர்களா? என்னைப் பார்த்தால் அப்படிப்பட்ட ஆசாமியாகத் தோன்றாதுதான். ஆனாலும் விஷயம் உண்மை. சாட்சி ஒரு டெலிவிஷன் பெட்டி.

1982-ஆம் வருஷம் மேல்படிப்புக்காக அமெரிக்கா போய்ச் சேர்ந்தேன். நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். பல்கலைக் கழகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கோதுமை வயலும் காற்றும்தான். ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். நான் ஒருவன்தான் தமிழன். மற்ற நால்வரும் அந்த நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் எனக்கு இரண்டு வித்தைகள் கற்றுக் கொடுத்தார்கள். ஒன்று, பனியில் வழுக்கி விழாமல் நடப்பது. மற்றொன்று, 'ராக்' சங்கீதம் கேட்பது. முதல் வித்தை இன்றுவரை எனக்குக் கைவரவில்லை.

வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். வானொலிக்கு ஒரு தயாள குணம் உண்டு. பாடுகிறவர் குட்டையா நெட்டையா, பாடும்போது முகத்தை எப்படிக் கோணிக்கொள்கிறார் என்பதையெல்லாம் அது வெளியே சொல்லாது. ராக் குழுக்களும் அந்தத் தயவில்தான் வாழ்ந்து வந்தன. ஊர் ஊராகக் கச்சேரி, வானொலி, இசைத்தட்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும், காலட்சேபம் நடந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கவிழ்க்க வந்தது எம்.டி.வி. 1981 ஆகஸ்டு 1-ந் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்தில் அது பிறந்தது. அல்லும் பகலும் பாட்டுக்குப் படம் காட்டுவதே அப்போது அதன் தொழிலாக இருந்தது. வீடியோ வந்து வானொலிப் பாடகனைத் தீர்த்துக்கட்டிவிட்டது என்று பொருள்படும் பாட்டு ஒன்றைத்தான் முதன் முதலில் ஒளிபரப்பினார்கள். 'பகிள்ஸ்' என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டு அது. சகுனம் எப்படி, பார்த்தீர்களா!

இதில் ஒரு வேடிக்கை. நியூயார்க்கில் இருந்த அந்த நிலையத்தார் தங்கள் முதல் ஒளிபரப்பைத் தங்கள் நகரத்தில் பார்க்க முடியவில்லை. அங்கே கேபிளில் அது வரவில்லை. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்ஸிக்குப் போய், ஒரு உணவு விடுதியில் கூடிப் பார்த்தார்கள். பெரிய நகரங்களுக்கு முன்னால் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்கள் பலவற்றுக்கு அது வந்துவிட்டது.

ஆரம்பத்தில் படங்களுக்குப் பெரும் பஞ்சம். இங்கிலாந்துக் குழுக்களிடம் படங்கள் இருந்தன. அமெரிக்கக் குழுக்கள் பலவற்றிடம் இல்லை. எனவே பேர் பெற்ற பழைய குழுக்களும் அவசர அவசரமாகக் காமிராவின் முன் வந்து நின்றன. 'ஜர்னி' குழுவினர் 1983-இல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் நின்றுகொண்டு, கையில் ஒன்றுமில்லாமல் வெறும் காற்றிலே கிதார் வாசித்தார்கள். ஒருவர் கிடங்குச் சுவரில் மாட்டிய கீபோர்டை வாசித்தார்! பாட்டு நல்ல பாட்டு, அதனால் பிழைத்தார்கள்.

அதே வருஷம் 'ஸீ ஸீ டாப்' என்ற டெக்ஸாஸ் குழுவுக்கு அதிருஷ்டம் அடித்தது. 1969-இல் தொடங்கிய மூவர் குழு அது. இருவருக்கு மார்பு வரை தாடி. தாடி இல்லாத மூன்றாமவரின் பெயர் ஃபிராங்க் பியர்ட், அதாவது 'தாடி'! இவர்களை யார் டெலிவிஷனில் பார்ப்பார்கள்? ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். கதாநாயகனாக ஒரு சிவப்புக் காரை நிறுத்தினார்கள். 1933-ஆம் வருஷத்து ஃபோர்டு அது. படத்தில் ஓர் ஏழைப் பையன் கஷ்டப்படுவான். நம் புராணப் படங்களில் பக்தன் முன் தெய்வம் தோன்றுவது போல, இந்த மூவரும் திடீரென்று தோன்றுவார்கள். அவனுக்கு நல்ல காலம் பிறந்ததும் மறைந்துவிடுவார்கள். 'எலிமினேட்டர்' என்ற அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

இனி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

பில்லி ஸ்கொயர் என்று ஒரு பாடகர். அவருடைய 1981-ஆம் வருஷத்து 'டோன்ட் ஸே நோ' இசைத்தட்டு லட்சக் கணக்கில் விற்றது. சாப்பாட்டு விடுதியில் தட்டுக் கழுவி நான் சம்பாதித்த முதல் வாரக் கூலியில் வாங்கியது அதுதான். அவர் பக்கத்து மாநிலத்துக்கு வந்தாலும் கச்சேரிக்குப் போய்விடுவது என்று ஐந்து பேரும் ஒரு காப்பி டின்னில் பணம் சேர்த்து வந்தோம்.

1984-இல் அவருடைய புதுப் பாட்டுக்குப் படம் வந்தது. 'ராக் மீ டுநைட்' என்று பெயர். கூடத்தில் கூடி உட்கார்ந்தோம். பட்டு விரிப்புப் போட்ட படுக்கை அறை. நம் ஆள் துள்ளுகிறார், தரையில் தவழுகிறார், ரோஜா நிறத்தில் ஒரு பனியனை மாட்டிக்கொண்டு குதிக்கிறார். நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர்களைவிடப் பலமாகச் சிரித்தேன். நான் அந்த ஊருக்கு வந்த புதிதில் என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் இப்படித்தான் சிரித்தார்கள். இப்போது சிரிக்கிறவர்கள் பக்கம் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதல்லவா?

காப்பி டின் பணம் மறுநாள் பீட்ஸாவாக மாறியது. அந்தப் பாடகரின் பேச்சே பிறகு வீட்டில் எழவில்லை.

பாட்டுத் தோற்றுப் போயிற்றா என்றால், இல்லை. பில்போர்டு பட்டியலில் 15-ஆவது இடத்தைப் பிடித்தது. அவருடைய வேறு எந்தப் பாட்டும் அங்கே அதைவிட மேலே போனதில்லை. காது ஏற்றுக்கொண்டது, கண் தள்ளிவிட்டது! நிரம்பி வழிந்த அரங்குகளில் அதன்பின் கூட்டம் குறைந்ததாகவும், அந்தப் படமே தம்மைக் கவிழ்த்ததாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் பழைய உயரத்தை அவர் மறுபடி எட்டவில்லை. காலியான நாற்காலிகளில் ஐந்துக்கு மட்டும் என்னால் கணக்குச் சொல்ல முடியும்.

'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' குழு 1985-இல் ஒரு பாட்டுப் போட்டது. எம்.டி.வி. நட்சத்திரங்களைப் பார்த்து, சாமான் சுமக்கும் தொழிலாளி ஒருவன் பொருமுகிற பாட்டு. அதையே எம்.டி.வி. ஓயாமல் காட்டி அமெரிக்காவில் முதல் இடத்துக்குக் கொண்டு போயிற்று. தன்னைத் திட்டியவனுக்கும் வாழ்வு கொடுத்தது. தன்னை நம்பி ஆடியவனைக் கவிழ்த்தது. ஆனால் பெட்டியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அது காட்டியது. சிரித்தவர்கள் நாங்கள்.

போன மாதம் அந்தப் பழைய இசைத்தட்டைத் தேடி எடுத்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். குரல் அப்படியே இருக்கிறது.

"என்ன இது, இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் என் மனைவி.

"பாட்டுக் கேட்கிறேன்" என்றேன்.

"அதற்கு விளக்கை ஏன் அணைக்க வேண்டும்?"

நாற்பது வருஷத்துக்கு முன்பே அணைத்திருக்க வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் சொல்லுகிறேன்.