ஒளி அளக்கும் காடு

மரத்தின் உயரத்தை அளப்பதற்குப் பள்ளி மாணாக்கர் கற்கும் வழி ஒன்றுண்டு. மரத்தடியிலிருந்து சிறிது தூரம் விலகி நின்று, நுனியை நோக்கிக் கோணத்தை அளந்து, தூரத்தையும் கோணத்தையும் கொண்டு உயரத்தைக் கணக்கிடுவர். கோணம் 45 பாகையாக அமைந்துவிட்டால் கணக்கிற்கே வேலையில்லை. நின்ற தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைத்துவிடும். பள்ளித் திடலில் தனித்து நிற்கும் அங்சானா மரத்திற்கு இம்முறை நன்கு பொருந்தும். ஆனால் போர்னியோவின் மழைக்காட்டிற்குள் இதே கருவியோடு செல்பவர் முதற்படியிலேயே தடுமாறிப் போவார். அங்கே நுனி கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிமரம் அவர் முன்னே நிற்கும். முடியோ ஐந்தாறு மரங்களின் கிளைகளுக்கு அப்பால் எங்கோ இருக்கும். விலகி நின்று பார்க்கலாமென்றால், விலகும் ஒவ்வோர் அடிக்கும் இன்னொரு மரம் குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே காட்டியலார் நெடுங்காலம் உயரத்தைப் பெரும்பாலும் மதிப்பீட்டிற்கு விட்டுவிட்டு, பருமனையே அளந்து வந்தனர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மனிதனின் மார்பளவில், நாடாவைச் சுற்றி அளப்பது மரபு. பலகை வேர்கள் விரிந்த பெருமரமாயின் ஏணி வைத்து ஏறி, வேர் முடியும் இடத்திற்கு மேலே அளக்க வேண்டும். நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பாசோ காட்டில், 1980களின் பிற்பாதியில், 50 ஹெக்டர் நிலத்தை வரையறுத்து, அதனுள் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் அளந்து, இனம் கண்டு, எண் கொடுத்து, வரைபடத்தில் குறித்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள். மழையிலும் சேற்றிலும் அட்டைக் கடியிலும் நின்று செய்த அவ்வேலையின் அருமையை இன்று எந்தக் கருவியும் குறைத்துவிடவில்லை. எனினும் 50 ஹெக்டர் என்பது அரைச் சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் காடுகளோ பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரந்தவை.

இவ்விடத்தில் ‘காடு’ என்னும் சொல்லையே சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். தோட்டப்புறத்துத் தமிழர் வாயில் ரப்பர்த் தோட்டமும் ‘பால்மரக் காடு’தான். பாட்டனும் பாட்டியும் வரிசை பிடித்து மரம் சீவிய இடத்தைக் காடென்று அழைத்ததில் பிழையொன்றுமில்லை. மரம் அடர்ந்த இடம் காடு. வியப்பு யாதெனில், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் வகுத்துள்ள இலக்கணமும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வருகிறது. அரை ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், நிலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் மரநிழல் என்றிருந்து, வேளாண்மைக்கோ நகர்ப்புறப் பயனுக்கோ உரியதாக இல்லாதிருந்தால் அந்நிலம் காடு எனப்படும். அந்த இலக்கணப்படி ரப்பர் மரத் தோப்பும் காட்டுக் கணக்கில் சேரும். செம்பனைத் தோட்டம் சேராது. ஆனால் எண்பது மீட்டர் மரங்கள் நிற்கும் கன்னிக்காடும், பெருமரங்களையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிய பின் எஞ்சி நிற்கும் புதர்க்காடும் அந்த ஏட்டில் ஒரே பெயரைப் பெறுகின்றன. வானிலிருந்து எடுத்த சாதாரணப் படத்திலும் இரண்டும் பச்சைதான். பச்சைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியாமல், எதைக் காப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வது குருட்டுக் கணக்காகவே முடியும்.

வானூர்தியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்திக் காட்டை அளக்கும் முறை இந்தக் குறையைத்தான் தீர்க்க வந்தது. ‘லைடார்’ என்று இதனை அழைப்பர். வானூர்தி காட்டின்மேல் நேர்வரிசைகளாக, உழவன் ஏர் ஓட்டுவதுபோல், போய்ப் போய்த் திரும்புகிறது. அதன் அடிப்பகுதியிலுள்ள கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு இலட்சக்கணக்கான துடிப்புகளாகக் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எதன்மேலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே அளவை. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடுவது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால், அதில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் செல்லும். போக வர என்று இருமுறை ஓடுவதால், அந்த ஒரு பங்கு நேர வேறுபாடு 15 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைக் காட்டும். இவ்வளவு நுண்ணிய கடிகாரம் இருந்தாலும், வானூர்தி அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்று தெரியாவிட்டால் அளவு பயன்படாது. செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் சாய்வை உணரும் கருவியும் அதனோடு சேர்ந்தே இயங்குகின்றன.

இம்முறையின் அழகு ஒளி முழுவதும் ஒரே இடத்திலிருந்து திரும்புவதில்லை என்பதில் இருக்கிறது. காட்டை அடையும்போது ஒவ்வொரு துடிப்பும் சிறிது விரிந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டு முதலில் மீளும். இன்னொரு பகுதி இடையிலுள்ள கிளையில் பட்டு மீளும். இலைகளின் இடுக்கில் புகுந்து தப்பிய சிறு பகுதி தரையைத் தொட்டுக் கடைசியாக வந்து சேரும். அடர்ந்த மழைக்காட்டில் தரையைத் தொடுவது மிகச் சிலவே. ஆனால் அனுப்பியவை கோடிக்கணக்கில் இருப்பதால், அந்தச் சிலவற்றைக் கொண்டே தரையின் மேடுபள்ளங்களை வரைந்துவிட முடிகிறது. உச்சியின் பரப்பிலிருந்து தரையின் பரப்பைக் கழித்தால் எஞ்சுவது காட்டின் உயரம். அதற்கும் மேலாக, இடைப்பட்ட அடுக்குகளில் எங்கே இலை செறிந்திருக்கிறது, எங்கே வெற்றிடம் இருக்கிறது, எந்த இடத்தில் மரம் விழுந்து காடு திறந்து கிடக்கிறது, மரம் இழுத்த பழைய தடம் எங்கே ஓடுகிறது என்பன யாவும் புலனாகின்றன. பச்சைப் போர்வையாகத் தெரிந்தது பல மாடிக் கட்டடமாகத் தெரியத் தொடங்குகிறது.

லேசருக்குத் தெரியாததும் உண்டு. தான் தொட்ட மரத்தின் பெயரை அது அறியாது. அதன் எடையையும் அது நேரே அளப்பதில்லை. உயரத்திலிருந்து எடையையும், எடையிலிருந்து கரிமத்தின் அளவையும் கணக்கிட, தரையில் நாடாவும் ஏணியும் கொண்டு அளந்து வைத்த மரங்களின் கணக்கு வேண்டும். பாசோவில் மக்கள் பட்ட பாடு போன்ற பாடு இல்லையேல் வானூர்தியின் எண்களுக்குப் பொருளே இல்லை. சரிவான நிலத்தில் இன்னொரு சிக்கலும் எழும். மரம் சரிவில் வேரூன்றி, அதன் முடி பள்ளத்தின் பக்கம் விரிந்திருந்தால், கருவி அந்த முடிக்கு நேர் கீழே உள்ள தாழ்ந்த தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு, மரத்தை உள்ளதைவிட நெடியதாகக் காட்டிவிடும்.

சபா மாநிலத்தில் நிகழ்ந்த சில கண்டுபிடிப்புகள் இதற்குத் தக்க சான்று. பிரிட்டிஷ் ஆய்வு வானூர்தி ஒன்று 2014-இல் அம்மாநிலத்துக் காடுகளை லேசரால் அளந்தது. அப்பதிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், மாலியாவ் படுகையில் 89.5 மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று நிற்பதை 2016-இல் அறிவித்தனர். அதே ஆண்டில் கிரெகரி ஆஸ்னர் தலைமையில் கார்னகி வான்வழி ஆய்வுக்கூடம் சபாவை அளந்து, டானும் பள்ளத்தாக்கில் 94.1 மீட்டர் மரத்தைக் கண்டது. பின்னர் 2018-இல், லேசர்ப் பதிவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் கண்ணில் டானும் பள்ளத்தாக்கின் இன்னொரு மஞ்சள் மெராந்தி பட்டது. நூறு மீட்டரை எட்டுமோ என்று ஐயுறும் அளவுக்கு அது நெடிதாக இருந்தது.

ஐயத்தைத் தீர்க்க வானூர்தி மீண்டும் போகவில்லை. ஒரு மனிதர் ஏறினார். உண்டிங் ஜாமி என்னும் அவர் சபாவைச் சேர்ந்தவர், மரமேறுவதில் வல்லவர். மாலியாவ் படுகையின் மரத்தில் ஏறி நாடாவால் அளந்தவரும் அவரே. அங்கு உச்சியில் கழுகொன்று தாக்க வந்ததாலும், தேனீக்கள் சூழ்ந்து பறந்ததாலும் நல்ல படம் எடுக்க நேரமில்லை என்று அவர் கைப்பேசியில் செய்தி அனுப்பினாராம். உலக ஏடுகளெல்லாம் எழுதப் போகும் ஓர் அளவையை எடுத்த கையோடு, படம் எடுக்க முடியாததற்குக் காரணம் சொன்ன அந்த எளிமை மறக்கத் தக்கதன்று. 2019 சனவரியில் டானும் மரத்திலும் அவர் ஏறினார். காற்று கடுமையாக வீசியது. அச்சமாகவே இருந்தது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். உச்சியிலிருந்து தொங்கவிட்ட நாடா 100.8 மீட்டர் காட்டியது. வெப்பமண்டலத்தில் நூறு மீட்டரைத் தாண்டியதாக அளந்து உறுதிசெய்யப்பட்ட முதல் மரம் அதுதான். மலாய் மொழியில் கோபுரம் என்று பொருள்படும் ‘மெனாரா’ என்னும் பெயர் அதற்கு வழங்கப்பட்டது.

தரையில் வைத்த லேசர்க் கருவியாலும் சிறு ஆளில்லா வானூர்தியாலும் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் முதலியோர் மெனாராவை முப்பரிமாணத்தில் வரைந்தனர். வேர் நீங்கலாக அதன் எடை ஏறத்தாழ 81,500 கிலோகிராம். அதில் 95 விழுக்காடு அடிமரத்திலேயே இருக்கிறது. 40 மீட்டர் அகலம் விரிந்த முடிக்கு 5 விழுக்காடுதான். இவ்வளவு நெடிய மரம் தன் எடையால் முறிந்துவிடும் என்ற அச்சம் இல்லையாம். அதன் உயரத்திற்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் காற்றே என்பது ஆய்வாளர் கருத்து. சரிவில், மலை மறைவில் நிற்பதனால் அது பிழைத்து வந்திருக்கலாம்.

செய்தித்தாள்களுக்கு மெனாரா போதும். காட்டைக் காக்க நினைப்போர்க்கு அது போதாது. நெடிய மரம் நின்ற டானும் பள்ளத்தாக்கு ஏற்கெனவே காக்கப்பட்ட நிலம். அங்கு 438 சதுர கிலோமீட்டர் காட்டை, ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டர் வெட்டுமரச் சலுகை நிலத்தின் நடுவே, வெட்டாமல் விட்டுவைத்தது யாயாசான் சபா நிறுவனம். 1995-இல் அது முதல் வகுப்புக் காப்புக்காடாயிற்று. ஆனால் அதைச் சூழ்ந்த காடுகளின் கதை வேறு. 1970களிலும் 1980களிலும் சபா உலகின் பெரும் வெட்டுமர ஏற்றுமதியாளருள் ஒன்றாக விளங்கியது. அக்காலத்தில் வெட்டப்பட்ட காடுகளுக்குப் பின்னாளில் ‘சீரழிந்தவை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பெயர் ஆபத்தானது. சீரழிந்த காடு என்றால் அழித்துச் செம்பனை நடலாம் என்று பொருள் கொள்வோர் எங்கும் உளர்.

2016-இல் ஆஸ்னர் குழுவினர் சபா வனத்துறையோடும் பிறரோடும் சேர்ந்து மாநிலம் முழுமைக்கும் வரைந்த கரிமப் படத்தின் உண்மைப் பயன் இங்கேதான் தெரிகிறது. சீரழிந்தவை என்று ஒரே சொல்லில் அடக்கப்பட்ட காடுகள் ஒரு தன்மையனவாக இல்லை என்பதை அது காட்டியது. சில இடங்களில் கொடிகள் மூடிய குட்டை மரங்களே இருந்தன; வேறு சில இடங்களில் காடு வேகமாக எழும்பிக்கொண்டிருந்தது. நெடிய மரத்தைக் கண்டுபிடித்த அதே ஒளி, குள்ளமான காட்டின் வழக்கையும் எடுத்துரைத்தது எனலாம். உண்மையில் இரண்டாவது பணியே அரிது. உயர்ந்ததைப் பாராட்டுவதற்கு எவரும் உண்டு.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை இன்னும் துல்லியமாக்கியது. டானும் பகுதியை ஒட்டி, 1980களில் கடுமையாக வெட்டப்பட்டுப் பின்னர்க் காப்பாற்றப்பட்ட காட்டில், லேசர்ப் படத்தையும் தரையில் இருபது ஆண்டுக் காலம் அளந்துவந்த கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அக்காட்டின் ஒரு பகுதி தானே வளர விடப்பட்டது. இன்னொரு பகுதியில் 1990கள் தொட்டுப் பணியாளர் சென்று, மரங்களை அழுத்தும் கொடிகளை வெட்டி, அம்மண்ணுக்குரிய மெராந்தி முதலிய இனங்களின் கன்றுகளை வரிசையாக நட்டு வந்தனர். தானே வளர்ந்த பகுதி ஆண்டுக்கு ஹெக்டருக்கு 2.9 டன் கரிமத்தைத் தரைக்கு மேலே சேர்த்தது. மனிதர் உதவிய பகுதி 4.4 டன் சேர்த்தது. வெட்டப்பட்ட காடு செத்த காடு அன்று. விட்டுவைத்தாலும் வளர்கிறது, கைகொடுத்தால் விரைந்து வளர்கிறது. கொடிகளை வெட்டுவது எல்லா உயிர்க்கும் நன்மையென்று சொல்லிவிட முடியாது. கொடியின் கனியையும் பூவையும் நம்பி வாழ்வனவும் காட்டில் உண்டு. அதையும் எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வு செலவையும் கணக்கிட்டது. கன்று நடவும் கொடி வெட்டவும் பல ஆண்டுகள் பேணவும் ஆகும் பணத்தைக் கரிமத்தை விற்றே ஈடுகட்டுவதாயின், அன்றைய சந்தை விலை போதாது, விலை உயர்ந்தாக வேண்டும் என்று அதன் ஆசிரியர்கள் எழுதினர். கூடுதலாகக் கிடைத்த 1.5 டன்னை ஒளி காட்டிவிட்டது. அதற்கான கூலியை யார் கொடுப்பது என்பது வானூர்தியில் ஏறாத கேள்வி.