சோலிங்கன்: சாணை படாத கத்திக்குத்தான் விலை!

ஜெர்மனிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் நீட்டினார்கள். அம்மாவுக்கு சாக்லேட். தம்பிக்கு பூமா ஷூ. அப்பா மட்டும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"அம்மணி, இதைப் போட்டோ எடுத்துக்கோ. இதுல போட்டிருக்கற ஊருக்குப் பக்கத்துலதான் உங்கக்கா இருக்கறா. என்ன வெல போகும்னு கேட்டுட்டு வா."

தாத்தா வால்பாறையில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். துரை வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பியபோது கொடுத்துவிட்டுப் போன கத்தி அது. பொள்ளாச்சி வீட்டில் எனக்குத் தெரிந்து அது பலாப்பழம் அறுக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த அப்பாவின் நண்பர், "இதெல்லாம் இப்போ செய்யறதில்லீங்க. லட்சத்துக்கு மேல போகும்" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். தம்பியின் இரண்டாம் வருஷக் கல்லூரிக் கட்டணம் தலைக்குமேல் நின்ற நேரம் அது.

கத்தியின் அலகில் பொறித்திருந்த ஊர், சோலிங்கன்.

அக்கா இருக்கும் டுசல்டார்ஃபிலிருந்து சோலிங்கனுக்கு எஸ்1 ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தேன். பஸ்ஸின் தலையில் இரண்டு கொம்புகள், அவை மேலே போகும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன. தண்டவாளம் இல்லாத டிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1952 முதல் இந்த ஊரில் ஓடுகிறதாம்.

முடி வெட்டும் கத்தரி, சவரக் கத்தி, தையல் கத்தரி என நம்மூர்க் கடைகளிலும் 'சோலிங்கன்' முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கே ஜெர்மனியில் தனிச் சட்டம் இருக்கிறது. தயாரிப்பின் முக்கிய வேலைகள் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அந்த முத்திரையைக் குத்தலாம் என்று 1938-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஊர் நடுவே பஸ் மாற வேண்டும். பக்கத்தில்தான் ஃப்ரோன்ஹோஃப் சதுக்கம். 2024 ஆகஸ்ட் 23 அன்று, ஊரின் 650-வது ஆண்டு விழாக் கூட்டத்தில் ஒருவன் கத்தியால் தாக்கியதில் 3 பேர் இறந்தது இங்கேதான். அதன்பிறகு ஜெர்மனியில் பொது விழாக்களுக்குக் கத்தி கொண்டுபோகவே சட்டம் தடை போட்டது. கத்திக்குப் பேர்போன ஊரிலேயே இப்படி நடந்ததைச் சொன்னபோது அக்கா வீட்டு மாமாவின் குரல் தணிந்துவிட்டது. நான் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பஸ் எங்களை இறக்கிவிட்ட கிரேஃப்ராத், பொம்மைக் கடையில் அடுக்கி வைத்ததைப்போல இருக்கிறது. கருப்புக் கல் ஓடு வேய்ந்த சுவர்கள், வெள்ளைச் சட்டம், பச்சை ஜன்னல் கதவுகள். 1944 நவம்பரில் விழுந்த குண்டுகளில் சோலிங்கனின் மையப்பகுதி தரைமட்டமானது. இந்தப் பகுதி தப்பிவிட்டது. பழைய கன்னிமாடம் ஒன்றில்தான் ஜெர்மன் கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது. வெண்கலக் காலத்து வாள் முதல் சாப்பாட்டு மேசை ஸ்பூன் வரை வைத்திருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது வேட்டைக் கத்திகள் முன்னால். காட்டு அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட நீளக் கத்திகளின் பிடியெல்லாம் மான் கொம்பு. அங்கே நின்றபோதுதான் எனக்கு லேசாகப் பொறி தட்டியது. எங்கள் வீட்டுக் கத்தியின் பிடியை மாட்டுக்கொம்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி வரும் சந்தில், பழைய கத்திகளை வாங்கி விற்கும் ஒரு சின்னக் கடை. எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் போனை வாங்கிப் பார்த்தார். "பூமா, ஒயிட் ஹன்டர்" என்றார்.

(தம்பி கேட்ட ஷூ கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த பூமா 1769-ல் சோலிங்கனில் தொடங்கியது. ஷூ கம்பெனி வயசில் ரொம்பச் சின்னப் பையன்!)

பிடியும் அலகும் சேரும் இடத்தில் உள்ள உலோகப் பட்டையைப் பெரிதாக்கச் சொன்னார். அங்கே ஓர் எண் இருந்தது. 1964-க்குப் பிறகு வந்த பூமா கத்திகளில் அந்த எண்ணை வைத்தே எந்த ஆண்டில் செய்தது என்று சொல்லிவிடலாமாம். ஒரு நோட்டைப் புரட்டி "1967" என்றார். அலகில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி இருந்ததே, அதை நாங்கள் ஏதோ அடிபட்ட தழும்பு என்று நினைத்திருந்தோம். எஃகு எவ்வளவு உறுதி என்று வைர முனையால் அழுத்திச் சோதித்த அடையாளம் அது.

இந்தக் கத்தியை ஏன் தேடி வாங்குகிறார்கள்? மாமா மொழிபெயர்க்க, அவர் சொல்லிக்கொண்டே போனார்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் சஃபாரி அழைத்துப் போன வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்காக 1956-ல் வந்த கத்தி இது. தோல் உரிக்க அகன்ற வயிறு, எலும்பில் போட்டால் தாங்கும் தடித்த முதுகு என்று ஒரே கத்தியில் எல்லாம் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். 1977-ல் கென்யா வேட்டைக்கே தடை போட்டது. அந்தத் தொழிலின் காலம் அங்கே முடிந்தது. கத்தியின் பெயர் மட்டும் மிச்சம்.

அடுத்தது பிடி. ஐரோப்பிய மான்களின் கொம்புக்குள் பஞ்சு மாதிரி பகுதி அதிகம். நம் கடமானின் கொம்பு உள்ளே இறுகி இருக்கும். மேலே மரப்பட்டை போலச் சொரசொரப்பு, ஈரக் கையிலும் வழுக்காது. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். காட்டில் பொறுக்கியதை இந்தியாவிலிருந்து கப்பல் ஏற்றினார்கள். சோலிங்கனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் பல தலைமுறை அதை நம்பித்தான் பிடி போட்டன. பொறுக்கிய கொம்போடு வேட்டையாடிய கொம்பும் கலந்து போகிறது என்ற கவலையில் 1990-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. அன்றிலிருந்து பழைய கொம்புப் பிடிக்கு ஏறிய மவுசு இறங்கவே இல்லை.

மூன்றாவது காரணத்தை அவர் தன் கைகளைக் காட்டித்தான் சொன்னார். சாணை பிடிப்பவர், பிடி பொருத்துபவர் என்று இந்த ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள். பலர் வீட்டிலேயே செய்தவர்கள், அவரும் இளமையில் சாணை பிடித்தவர்தான். வுப்பர் ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய சாணைக் கூடங்களில் ஒன்றிரண்டை இன்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பிறகு போய்ப் பார்த்த ஹென்ட்ரிக்ஸ் கத்தரிப் பட்டறையும் அப்படித்தான். 1886-ல் தொடங்கி 1986-ல் மூடிய பட்டறை, இப்போது அருங்காட்சியகம். சம்மட்டி விழும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்ந்தது. அக்காவின் மூன்று வயதுப் பெண் காதைப் பொத்திக்கொண்டு "இன்னொரு தடவை" என்றாள்.

ஒயிட் ஹன்டர் என்ற பெயரில் இன்றும் கத்தி வருகிறது. ஆனால், சேகரிப்பவர்கள் துரத்துவது பழைய ஆண்டுகளின் கத்தியைத்தான். அதிலும் சாணையே படாதது, உறை, பெட்டி, சீட்டு எல்லாம் கூட இருப்பது. அவர் கடையில் ஒரே மாதிரி இரண்டு கத்திகள் இருந்தன. பெட்டியோடு இருந்தது, இல்லாததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உபயோகிக்காமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு அம்மாக்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் கத்தியின் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் தாத்தா வருஷம் தவறாமல் கொடுத்ததில், அகன்ற வயிறு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. தோல் உறையிலேயே கிடந்ததால் அலகெங்கும் கறுப்புப் புள்ளிகள், உறையின் குமிழ்களில் பச்சைக் களிம்பு. தோலைப் பதப்படுத்தும் சரக்கே உலோகத்தை அரிக்குமாம். கத்தியை உறையை விட்டு வெளியே வைக்க வேண்டும் என்றார். பிறகு தோளைக் குலுக்கி மாமாவிடம் ஏதோ சொன்னார்.

"நல்லா உழைச்ச கத்தி, விலைக்கு ஆகாதுன்றார்" என்றார் மாமா.

அன்றிரவு அக்கா வீட்டில் உட்கார்ந்து சட்டத்தைத் தேடினேன். நன்றாக இருந்திருந்தாலும் விற்றிருக்க முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் விலங்கு கடமான். அதன் கொம்பில் செய்த பொருளை விற்கவோ, வெளிநாட்டுக்கு அனுப்பவோ நமக்கு வழியில்லை. வீட்டில் இப்படி எதையாவது வைத்திருப்பவர்கள் தெரிவிக்க 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயசு. அப்பாவுக்கு அது மாட்டுக்கொம்பு.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"செரி அம்மணி. ஃபீஸுக்கு அம்மா வளையலை வெச்சுப் பாத்துக்கலாம். திங்கக்கெழமை நானே ரேஞ்சர் ஆபீஸ் போயி, இன்னமாதிரி ஒண்ணு வீட்ல இருக்குது, என்ன பண்றதுன்னு கேட்டுடறேன்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அதுக்குள்ள அந்தப் பலாப்பழத்தை அறுத்துக் குடுத்துட்டுப் போகச் சொல்லு!"