ஃபெடோரா

ஃபெடோரா ஒரு பெண்ணின் பெயர். 1882இல் மேடையேறிய விக்தோரியன் சார்தூவின் பிரெஞ்சு நாடகத்தின் நாயகி அவள். அந்த வேடத்தில் சாரா பெர்னார்ட் அணிந்த தொப்பியைப் பெண்கள் தேடி வாங்கினார்கள். பெண்ணுரிமை கேட்டவர்களும் அணிந்தார்கள். பிறகு அது ஆண்களின் தலைக்குப் போனது. மிச்சத்தைத் திரைப்படத் துப்பறிவாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கருத்தரங்குக்காகப் பாரிஸ் சென்றபோது ஒரு கடையில் ஃபெடோரா கேட்டேன். “கணவருக்கா?” என்றார் விற்பவர். எனக்குத்தான் என்றதும் நாடாவால் தலையை அளந்தார்: 56 சென்டிமீட்டர். அந்த அளவில் கொண்டைக்குக் கணக்கில்லை. பிடரியில் தாழ்த்தி முடிந்துகொண்டேன்.

ஃபெல்ட் நெய்த துணியல்ல. ஈரமும் சூடும் கொடுத்து, அழுத்தி, ஒன்றோடொன்று சிக்கவைத்த ரோமம். என்னுடையது முயல் ரோமம். (முயலை நினைத்தும், அந்த ரோமத்தைப் பாதரசத்தில் பதப்படுத்திக் கை நடுங்கிப்போன பழைய தொழிலாளர்களை நினைத்தும் மனம் உறுத்தியது. வாங்கினேன்.) கடையில் போட்டிருந்த மடிப்பு ஆழமாக, துப்பறிவாளர் பாணியில் இருந்தது. அறைக்கு வந்து கெட்டில் ஆவியில் காட்டி அதை நீவி அழித்தேன். இளகிய உச்சியில் உள்ளங்கை ஓரத்தால் ஆழமில்லாத ஒரு பள்ளம். முன்னால் இருபுறமும் விரல்நுனியால் லேசான கிள்ளல். ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

கழற்றும்போது அந்தக் கிள்ளலைப் பிடிப்பது சினிமாவில்தான் அழகு. நாளடைவில் ஃபெல்ட் அங்கேதான் கிழியும். நான் விளிம்பைப் பிடித்துக் கழற்றுகிறேன்.