ஆறு மாதக் கணக்கு

ஆஸ்லோ

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதற்குப் பொறுமை இல்லை. நேற்று இரவு உங்கள் மகள் போன் செய்தாள். இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே நடுநிசி தாண்டியிருக்கும். குழந்தை எழுந்துவிடும் என்று குசுகுசுவென்று பேசினாள்.

இது பத்திரிகையில் அச்சாகப்போகும் மடல் என்று தெரிந்தேதான் உங்கள் பெயருக்கு எழுதுகிறேன். வீட்டுச் சமாசாரத்தை ஊரறியச் சொல்வதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் "சரி, பார்க்கலாம்" என்பீர்கள். நம் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

செய்யாறு பக்கம் அவள் வேலை பார்க்கும் காலணி ஆலையில் தையல் லைனில் சேர்ந்தவள், இப்போது மூன்று லைனுக்கு சூப்பர்வைசர். அடுத்து வியட்நாமில் ஆறு மாதப் பயிற்சி, திரும்பி வந்தால் உற்பத்தி மேலாளர். அந்த ஆலையில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேலாளர் அறைகளில் ஒரு பெண்கூட இல்லையாம். அங்கே மட்டும் அல்ல, இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. மெஷினுக்கு முன்னால் நம் பெண்கள், கண்ணாடி அறைக்குள் யாரோ.

மாப்பிள்ளை சரி என்றுவிட்டார். மாமியாருக்கு முட்டிவலி, குழந்தையைத் தனியாகப் பார்க்க முடியாது. நீங்களும் அண்ணியும் ஆறு மாதம் மயிலத்தில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் "பார்க்கலாம்" என்றிருக்கிறீர்கள். கூடவே, "அதெல்லாம் முதலாளி வீட்டுப் பெண்களுக்குத்தாம்மா" என்றும் சொன்னீர்களாம்.

அந்த வார்த்தையில் பாதி நிஜம். மறுக்கவில்லை.

மயிலத்தில் பாசஞ்சர் ஏறினால் பேரணி, விக்கிரவாண்டி, அடுத்து முண்டியம்பாக்கம். அரவைக் காலத்தில் ரயில் நிற்பதற்கு முன்பே சர்க்கரை ஆலையின் பாகு வாடை வந்துவிடும். அப்பா கரும்பு வெட்டு உத்தரவுக்காக நடையாய் நடந்த அந்த ஆலை ராஜஸ்ரீ சுகர்ஸ் கைக்கு வந்தது பிறகுதான். அந்தக் கம்பெனியைத் தலைமையேற்று நடத்தியவர் ராஜஸ்ரீ பதி என்ற பெண், 2013-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். கம்பெனிக்கும் அவருக்கும் ஒரே பெயர் என்பதிலிருந்தே அது யார் வீட்டுக் கம்பெனி என்று விளங்கிவிடும். அந்த ஆலைக்குக் கரும்பு இழுத்துப்போகும் மாஸி பெர்குசன் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த டாஃபேயின் தலைவர் மல்லிகா சீனிவாசன். 1986-ல் தன் அப்பா சிவசைலத்தின் கம்பெனிக்குள் வந்தார், 2005-ல் ஐஷர் டிராக்டர் தொழிலையே வாங்கிப்போட்டார். கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் இருவருக்கும் கதவைத் திறந்தது அவரவர் அப்பாதான்.

திறக்காவிட்டால்? முருகப்பா குழுமத்துக் கதையை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். 1900-ல் பர்மாவில் தொடங்கிய தொழில். அந்தக் குடும்பத்து எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமானார். ஆண் வாரிசு இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் இருக்கும் அணு விஞ்ஞானி. குடும்ப முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் தங்களுக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது, இயக்குநர் குழுவில் ஓர் இடம் கொடுங்கள், இல்லையென்றால் பங்குக்கு நியாய விலை கொடுங்கள் என்று கேட்டார். 2020 செப்டம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 91 பங்கு எதிர் ஓட்டு. வழக்கு தீர்ப்பாயம் வரை போய், 2023-ல்தான் குடும்பத்துக்குள் சமாதானம் ஆனது. நம் மயிலம் மலையில் முருகன் பக்கத்தில் வள்ளியை நிற்க வைத்துத்தான் தீபாராதனை காட்டுகிறோம். கம்பெனிக் கூட்டத்தில் அந்தப் பெயருக்கு ஒரு நாற்காலி போட இவ்வளவு பாடு.

ஆகவே, முதலாளி வீட்டில் பிறந்தால் போதும் என்றும் இல்லை அண்ணா. வீட்டு ஆண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் நிற்கிறது.

மீதிப் பாதிக்குச் சட்டம் போடலாம். நான் இருக்கும் இந்த நார்வேயில் போட்டார்கள். பங்குகளைப் பொதுவில் விற்கும் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஆணோ பெண்ணோ நூற்றுக்கு 40-க்குக் குறையக் கூடாது என்று 2003-ல் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் வலதுசாரிக் கட்சியின் ஆண் அமைச்சர், அதுதான் வேடிக்கை. முதலில் நீங்களாகவே செய்யுங்கள் என்று தவணை கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நகரவில்லை. மீறினால் கம்பெனியையே கலைப்போம் என்று 2008 வரை கெடு வைத்ததும் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஒரே பெண் பல குழுக்களில் உட்கார்ந்தார் என்று அவர்களுக்குத் 'தங்கப் பாவாடை' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். ஐந்தாறு கம்பெனிக் குழுக்களில் உட்கார்ந்த ஆண்களுக்குத் தங்கக் கால்சட்டை என்று யாரும் பெயர் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நம் நாட்டிலும் 2013 கம்பெனிச் சட்டம் பங்குச்சந்தைக் கம்பெனிகளின் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. 2015 ஏப்ரல் கெடு நெருங்கியதும் பல முதலாளிகள் மனைவியையும் மகளையும் கூட்டிவந்து உட்கார வைத்துக் கணக்கை முடித்தார்கள். பிறகு பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தபந்தம் இல்லாத பெண் இயக்குநர் வேண்டும் என்று விதியை இறுக்க வேண்டி வந்தது.

ஆனால் இயக்குநர் குழு என்பது மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை கூடுவது. தினமும் கம்பெனியை நடத்தும் முதன்மை அதிகாரி நாற்காலி வேறு. நார்வேயில்கூட அதில் இன்றைக்கும் பெரும்பாலும் ஆண்கள்தான். காரணம், அந்த நாற்காலிக்குப் போகும் வழி உங்கள் மகள் நிற்கிற படிக்கட்டில்தான் தொடங்குகிறது. சூப்பர்வைசரிலிருந்து மேலாளர் ஆகும் இடம். குழந்தைக்கு மூன்று நான்கு வயது ஆகும் இடமும் அதுவேதான்.

இங்கே என் கண்ணுக்கு எட்டிய மாற்றத்தைச் செய்தது வேறொரு சட்டம் என்று சொல்வேன். 1993-லிருந்து குழந்தை பிறந்தால் அப்பாவுக்கென்று தனி விடுப்பு. அவர் எடுக்காவிட்டால் அம்மாவுக்குப் போகாது, வீணாகிவிடும். முதலில் 4 வாரம், இப்போது 15 வாரம். போன வாரம் கணக்கு முடிக்கும் அவசரத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு எங்கள் மேலாளர், ஆறடி ஆண்பிள்ளை, "பாலர் பள்ளியிலிருந்து பையனை அழைக்கணும்" என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் திண்டிவனத்தில் வேலை பார்த்த ஞாபகத்தில் கொஞ்சம் சிரித்தேன்.

முதலாளி வீட்டில் பிறக்காத இரண்டு பெண்களையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் ஸ்டேட் பாங்கில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா 2013-ல் அதன் முதல் பெண் தலைவர் ஆனார். நடுவில் மகளுக்காக வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தவர். தலைவரான பிறகு, பிள்ளை வளர்க்கவும் பெரியவர்களைப் பார்க்கவும் பெண்களுக்கு இரண்டு வருடம் வரை விடுப்பு என்று கொண்டுவந்தார். தனக்குக் கிடைக்காததைக் கொடுத்தார். இன்னொருவர் சென்னையில் பிறந்து 2006-ல் பெப்சிகோவின் தலைமைக்கு வந்த இந்திரா நூயி. சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் நீ பிரதமரானால் என்ன செய்வாய் என்று பேச வைத்த அம்மாதான், பதவி உயர்வுச் செய்தியோடு ராத்திரி வந்த மகளிடம் முதலில் பால் வாங்கி வா, கிரீடத்தை வண்டிக் கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றார். அந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு என்னவோ சிரிப்பு வருவதில்லை. ஆனால் அவர் குழந்தைகளை வளர்க்க அம்மாவும் உறவுக்காரர்களும் முறைவைத்துக் கடல் தாண்டி வந்து நின்றார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். உங்களிடம் கடல் தாண்டச் சொல்லவில்லை. குழந்தையே மயிலத்துக்கு வந்துவிடும்.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு மகளிர் குழுத் திட்டம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அண்ணி குழுவின் ஊக்குநர் ஆனபோது, "பொம்பளைங்க பாங்குல என்ன பேசப்போறீங்க" என்றீர்கள். இன்றைக்கு அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. உங்கள் போர் மோட்டார் அந்தக் கையெழுத்தில் வந்ததுதான். நிர்வாகம் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார். இந்தக் கேள்வியை அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இதுவரை நான் பேசாதது. 1994. திண்டிவனத்தில் நான் பாங்கு கிளார்க். அதிகாரி தேர்வு எழுதிப் பாஸ் ஆனேன், ஒடிசாவில் போஸ்டிங். பையனுக்கு மூன்று வயது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினீர்கள், நான் அடுப்படியில் நின்று கேட்டேன். புரொமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்துக்கு இங்கிலீஷில் டிராப்ட் போட்டுத் தந்தது நீங்கள்தான். அழகான கையெழுத்து உங்களுக்கு. அன்போடுதான் எழுதினீர்கள், தெரியும். என்னோடு பாஸ் ஆன இரண்டு ஆண்கள் பின்னாளில் ஏஜிஎம் ஆகி ஓய்வு பெற்றார்கள். நான் இங்கே அடுத்தவர் போடும் கணக்கைச் சரிபார்க்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு வரப் பார்க்கிறேன். வந்தால் ஒரு மாதம் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு ஐந்து மாதம்தான். வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஆலைக்குப் பதில் எழுதித் தர வேண்டுமாம். இந்த முறையும் டிராப்ட் நீங்களே போட்டுக் கொடுங்கள். 'சம்மதம்' என்று தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை