மாற்றுப் பாதை

“மேற்படி மயானத்திற்கு ஆற்றுவழியாக மாற்றுப் பாதை உள்ளது.” 2024 மாசியில் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த பதிலில் இந்த ஒரு வரிதான் விஷயம். மற்றதெல்லாம் பார்வையும் எண்ணும் நாளும்.

மாற்றுப் பாதை என்று அவர்கள் எழுதியிருப்பது காவிரியை. மோகனூருக்குக் கீழே வடகரையில் எங்க அம்மா பிறந்த வளவு இருக்கிறது. சேரி என்று எழுத்தில் எழுதுவதை எங்க பக்கம் வளவு என்போம். பெயர் எழுதவில்லை, விவகாரம் இன்னும் நடக்கிறது. அறுபது வீடு. சுடுகாடு ஆற்றோரத்து மேட்டில். நேர்தடத்தில் போனால் ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அந்தத் தடம் ரெண்டு தோட்டத்துக்கு நடுவில் போகிறது. டிராக்டர் போகலாம், வாழைத்தார் ஏற்ற லாரி போகலாம், பால்வண்டி போகலாம். எங்க பொணம் போகக்கூடாது. போனால் வெள்ளாமை கருகிப்போகுமாம். அதனால் எங்க பொணங்கள் ஆற்றில் இறங்கி, மணலில் வளைந்து, அந்தப் பக்கமாக மறுபடி கரையேறுகின்றன. தாய்மாமனைத் தூக்கிப்போனபோது கரையில் நின்று பார்த்தேன். எட்டுப்பேர் மாற்றிமாற்றித் தோள் கொடுத்தும், கணுக்கால் புதையப் புதையப் பாடை ஆடிக்கொண்டே போனது.

பாதை என்றால் வண்டி போகவேண்டும் இல்லையா? ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அமரர் ஊர்தி கரையோடு நின்றுவிடுகிறது. ஆற்றுவழியில் ஒரு வண்டியை விட்டு, எத்தனை தூரம், எவ்வளவு நேரம், எந்த மாதிரி வண்டி என்று எழுதி அடுத்த மனுவோடு வைப்பது என்று முடிவு செய்தோம். வாடகைக்கு ஜீப் கேட்டோம். ஒருத்தர் டயர் போயிடும் என்றார். ஒருத்தர் கோழிப்பண்ணைக்கு ஓட்டணும் என்றார். மூணாவது ஆள் நேராகவே சொன்னார்: “உங்க சுடுகாட்டு வழிக்கு ஓட்டினேன்னா நாளைக்கு ஊருக்குள்ள எனக்கு வாடகை வராதுங்க.”

இது புதுசில்லை. 1901இல் அம்பேத்கர் ஒன்பது வயசுப் பையனாக அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் எந்த வண்டிக்காரனும் மகார் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருத்தன் ஒத்துக்கொள்கிறான், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான் என்ற பேச்சில். 1929இல் அவர் பாரிஸ்டர், அரசாங்கக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் டோங்காக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, அதுவரை டோங்கா ஓட்டியே அறியாத சேரிக்காரர் ஒருத்தர் ஓட்டுகிறார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிகிறது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் ரெண்டையும் அவரே எழுதியிருக்கிறார். ஓட்டத் தெரிந்தவன் வரமாட்டான், வருகிறவனுக்கு ஓட்டத் தெரியாது. முறிந்தது யாருடைய கால் என்பதையே பேசுகிறோம். லகானைப் பிடித்த அந்த மனுசனின் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்கு இப்போதுதான் நினைக்கத் தோன்றியது.

ஏனென்றால் அடுத்த ஆள் நான். லைசென்ஸ் வாங்கி நாலு மாசம். தோழர்கள் மூணு பேர் சேர்ந்து வாங்கிய பழைய மகிந்திரா ஜீப் இருந்தது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. தார்ரோட்டில் ராசிபுரம் வரைக்கும் ஓட்டியிருக்கிறேன், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்க.

திருச்செங்கோட்டுச் சித்தப்பா ரிக் லாரி டிரைவர். திருச்செங்கோட்டு ரிக்கு போகாத மாநிலம் இல்லை. முதலாளி யார், புழுதியில் நின்று ராடு மாட்டுகிறவர் யார் என்று நான் தனியாகச் சொல்லவேண்டாம். எங்க தாத்தா கவலைக் கிணறுகளுக்குத் தோல் தைத்தவர். கரண்டு மோட்டார் வந்ததும் கவலை போச்சு, தோல்வேலையும் போச்சு. கிணறு வற்றி போர் வந்ததும், தாத்தாவின் மகன் ஜோத்பூருக்கும் பார்மருக்கும் போர் போடப் போனார். பாலைவனத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்கு அங்கேயும் சாதியைக் கேட்டுவிட்டுத்தான் சொம்பு கொடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

கண் ஆபரேசன் ஆனதால் அவர் ஓட்ட முடியாது. ஆனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே எனக்கு மணலைச் சொல்லிக்கொடுத்தார். “மணல்ல காத்துதான் அம்மிணி வண்டி ஓட்டுது. முப்பது பவுண்டு இருந்தா பதினெட்டுக்கு எறக்கிப்போடு. டயருக்குத் தொப்பை விழுகோணும். அப்பத்தான் அகலமா மிதிக்கும், பொதையாது.”

“நடுவுல நிக்கோணும்னா, சித்தப்பா?”

“பிரேக்கு போடாத. காலை எடு, தானா நிக்கும். நின்னா எறக்கத்தைப் பாத்து நில்லு. சக்கரம் சும்மா சுத்துச்சுன்னா முறுக்காத. முறுக்கினா குழிதான் பறிப்ப. வந்த தடத்துலயே பின்னால வா.” அப்புறம் ரெண்டு விஷயம்: விடியறதுக்குள் போகவேண்டும், ராத்திரி ஈரத்தில் மணல் இறுகியிருக்கும். கூட ஆள் ஏற்றக்கூடாது, கனம் கூடினால் சக்கரம் இறங்கும். தனியாகப் போனதற்குக் காரணம் வீரமல்ல, எடைதான்.

பயம் வண்டியைப் பற்றி அதிகம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டால், “பொம்பளையே ஓட்டிட்டுப் போயிட்டா, பாதை இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?” என்பார்கள். சிக்கிக்கொண்டால், “பொம்பளைக்கு ஓட்டத் தெரியலை, பாதை மேல என்ன குத்தம்?” என்பார்கள். ரெண்டு பக்கமும் அவர்களுக்கே ஜெயிக்கிற கணக்கு. வளவில் ராத்திரியெல்லாம் இதைத்தான் பேசினோம். “எப்படியும் பேசத்தான் போறாங்க, நீ கணக்கை எழுதிட்டு வா” என்றாள் ஆயா.

சித்திரை மாதத்து ஞாயிறு. கரூர் பரமத்தி வெயில் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்த கோடை. மேட்டூரில் குடிதண்ணிக்கு மட்டும் திறந்திருந்தார்கள். அது தென்கரையோரமாக ஒரு வாய்க்காலைப்போல ஓடிக்கொண்டிருந்தது. மீதி ஆறு முழுக்க மணல். அஞ்சரைக்குக் காற்றை இறக்கினேன். மீட்டரைக் குறித்துக்கொண்டேன். நாலு சக்கரக் கியரைப் போட்டுக் கரையிலிருந்து இறக்கினேன்.

முதலில் தெரிந்தது, ஸ்டீயரிங் என் கையில் இல்லை என்பது. மணல் தன் இஷ்டத்துக்குச் சக்கரத்தை இழுக்கிறது. இறுக்கிப் பிடித்தால் கை வலிக்கிறது, விட்டுப் பிடித்தால் வண்டி தானாக நேராகிறது. ரெண்டாவது கியரில் ஒரே சீராகப் போனேன். மணல் அள்ளிய பழைய குழிகள்தான் ஆபத்து. வெள்ளத்தில் வந்த வண்டல் மூடி, மேலே பார்த்தால் சமமாகத் தெரியும். நிறம் கொஞ்சம் கறுத்து, வெடிப்பு விட்டிருக்கும். அந்த இடத்தை எல்லாம் ஒதுக்கி வளைத்துப் போகவேண்டும்.

எம்.ஏ.வில் பாலைத்திணை நடத்தியவர், பாலைக்குத் தனியாக நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்று சிலப்பதிகாரத்தை வைத்துச் சொல்வார். ஆறே பாலையாகும் என்று அவர் சொன்னதில்லை. பாட்டில் பாலை வழியே தலைவன் பொருள் தேடப் போவான். தலைவி போனால் அவன் பின்னாலேயே போவாள். மகளைத் தேடிச் செவிலி போவாள். கலித்தொகையில் அவளுக்கும் எதிரே அந்தணர்கள் வந்து புத்தி சொல்வார்கள். பொணத்துக்கு வழி அளக்கப் போன ஒருத்தியைப் பற்றி எந்தத் துறையும் வகுக்கவில்லை. எனக்கு எதிரே வந்தது ரெண்டு நாரை.

பாதி தாண்டியதும் முன்சக்கரம் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. காலை எடுத்தேன். இறங்கிக் கையால் மணலைத் தள்ளி, சக்கரத்தடியில் நாலு சாக்கை விரித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தேன். இருபது நிமிசம். சுற்றிலும் ஒரு சத்தம் கிடையாது. இதே இடத்தில் ஒரு பாடை நின்றால் எங்கே இறக்கி வைப்பார்கள் என்று நினைத்தேன். மணலில்தான் வைக்கவேண்டும்.

சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து சுடுகாட்டு மேட்டில் ஏறி நிறுத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் வரப்பில் வந்து நின்றார். “டிரைவரு எங்க?” என்றார். “நாந்தானுங்க.” வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்சீட்டில்கூட எட்டிப் பார்த்தார். 1993இலேயே வசந்தகுமாரி நாகர்கோவில் பக்கம் அரசு பஸ் ஓட்ட வந்துவிட்டார், எங்க தோட்டத்து வரப்புக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அவர் நின்ற வரப்பிலிருந்து பார்த்தால் வளவின் ஓடுகள் தெரிந்தன. அவ்வளவு பக்கம்.

மனுவில் இப்படி எழுதினோம்: ஆற்றுவழித் தூரம் 3.6 கிலோமீட்டர். ஆன நேரம் 52 நிமிடம். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் மட்டும், டயர்க் காற்றைக் குறைத்து, ஓட்டுநர் தவிர வேறு ஆள் ஏற்றாமல், விடியற்காலையில் மட்டும், ஆற்றில் நீர் இல்லாத மாதங்களில் மட்டும் செல்லலாம். அமரர் ஊர்தி, ஆட்டோ, டிராக்டர் டிரெய்லர், நடந்து செல்லும் முதியோர் ஆகியோருக்கு இது பாதை ஆகாது. “பொணமும் ஒரு ஆள்தான, அதைச் சேத்து எழுதினியா?” என்று கேட்டார் சித்தப்பா. சேர்த்தோம்.

அந்த வருசம் ஜூன் 12 அன்று திறக்கவேண்டிய மேட்டூர் அணை, தண்ணீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தது. கர்நாடகத்து மழையில் ரெண்டே நாளில், ஜூலை 30 அன்று, 120 அடியும் நிரம்பி, லட்சம் கன அடிக்கு மேல் ஆற்றில் வந்தது. கரையோரத்துக்காரர்களை மேட்டுக்குப் போகச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். நான் ஜீப் ஓட்டிய இடத்தில் தென்னைமரங்கள் மிதந்து போயின. அந்த வாரத்தில்தான் வளவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். நேர்தடத்தின் வாயில் நாலு பேர் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வைத்திருந்து பார்த்துவிட்டு, வளவுக்குப் பின்னால், பொதுக்குழாயிலிருந்து பத்தடி தள்ளிப் புதைத்தார்கள்.

அனுமதியில்லாத இடத்தில் பிரேதம் புதைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அடுத்த வாரமே நோட்டீஸ் வந்தது. எங்க மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.