ரெண்டாவது 'டக்'

மாருதி 800 தயாரிக்கிறதை 2014 ஜனவரியிலேயே கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்க. நான் ஓட்டறதை இன்னும் நிறுத்தலை. கொஞ்ச நாளா முன்பக்க இடது கதவு சரியா சாத்தலை. நாலு தடவை அறைஞ்சா ஒரு தடவை நிக்கும். 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்'னு ஏழெட்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

போன அமாவாசைக்கு கஞ்சமலை அடிவாரத்துல சித்தர் கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு இளம்பிள்ளை திரும்பிட்டிருந்தேன். வலது பக்கம் வளையற ஒரு திருப்பத்துல கதவு தானா திறந்துக்கிச்சு. (வண்டி வலதுல திரும்பினா எல்லாம் இடது பக்கம்தானே சாயும், கதவும் சேத்துதான்.) நல்லவேளை, மெதுவாத்தான் போயிட்டிருந்தேன். பெல்ட்டும் அன்னிக்கு மல்லுக்கட்டி போட்டு விட்டிருந்தேன். அம்மா கத்தலை. மடியில இருந்த தேங்காய் பழப் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கதவச் சாத்து கண்ணு"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தா பரவாயில்லைங்க.

மறுநாள் மெக்கானிக்கு போன் போட்டா, "லாட்ச் போச்சுண்ணா, புதுசு போட்டுரலாம்"னார், பாக்காமலே. கழட்டிப் பாத்துட்டு வாங்கலாமேன்னு நானே இறங்கிட்டேன்.

முதல்ல கண்ணாடியை முழுசா மேல ஏத்திடணும். கண்ணாடி சுத்தற கைப்பிடிக்குப் பின்னாடி வளைஞ்ச கம்பி க்ளிப் ஒண்ணு இருக்கும். பழைய துணியை உள்ள நுழைச்சு, ஷூ பாலிஷ் போடற மாதிரி இழுத்தா துள்ளிக்கிட்டு வெளிய வரும். எனக்குத் துள்ளி தறிக்கு அடியில போயிடுச்சு. தேட அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் உள்பக்க அட்டை, அதுக்குப் பின்னாடி பாலிதீன் ஷீட். அதைக் கிழிச்சிடாதீங்க, மழைத்தண்ணி வண்டிக்குள்ள வராம காக்கறதே அதுதான். உள்ள கைய விட்டு லாட்ச்சுக்குப் போற கம்பிகளைக் கழட்டணும். பிளாஸ்டிக் க்ளிப் வயசாகி அப்பளம் மாதிரி ஆயிருக்கும், ஜாக்கிரதை.

கதவோட விளிம்புல மூணு ஸ்டார் ஸ்க்ரூ. உயிரை வாங்கினது அதுதான். அளவு சேராத ஸ்க்ரூட்ரைவரைப் போட்டா தலை வழவழன்னு ஆயிடும். சரியானதை வச்சு, பின்னால சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டி, அழுத்தி முறுக்கினதும் 'க்றீச்'னு அசைஞ்சது.

டார்ச் பிடிச்சிட்டிருந்தது அம்மாதான். "கழட்டினத வரிசையா வையி. தறியில அப்படித்தான் வைப்போம்"னு ஒரு டிபன் டப்பா மூடியைக் கொண்டாந்து நீட்டினாங்க.

லாட்ச்சைக் கையில எடுத்துப் பாத்தா உடைசல் எதுவும் இல்லை. உள்ள சுழலற கொக்கியைத் தாங்கிப் பிடிக்க ஒரு நாக்கு இருக்கு. கதவு சாத்தும்போது ரெண்டு 'டக்' கேக்கணும். முதல் 'டக்' அரைப்பிடி, ரெண்டாவதுதான் முழுப்பிடி. நாக்கு கீழ விழுந்தாத்தான் பிடிக்கும். எங்க வண்டி நிக்கறது தறிப்பட்டறையை ஒட்டி. பழைய கிரீஸ்ல நூல் தூசி அப்பி, களிம்பு மாதிரி இறுகி, நாக்கை மேலயே ஒட்ட வச்சிருந்தது. டீசல்ல ஊறவச்சு, பழைய பல் பிரஷால தேச்சு, புது கிரீஸ் தடவினேன். செலவு முப்பது ரூபா.

திரும்ப மாட்டினதும் உடனே கதவைச் சாத்திடாதீங்க. கம்பி ஏதாவது மாட்டாம விட்டிருந்தா அப்புறம் திறக்கவே வராது. கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூட்ரைவரால கொக்கியைத் தள்ளிப் பாக்கணும். தள்ளினேன். டக். டக். உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி ரெண்டையும் இழுத்துப் பாத்தேன், விட்டுடுச்சு.

அம்மாவையே சாத்திப் பாக்கச் சொன்னேன். சாத்தினாங்க, திறந்தாங்க, மறுபடி சாத்தினாங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க.

வர்ற அமாவாசைக்குப் பின்சீட்லதான் உக்காருவாங்களாம்.