மினுக்கத்தின் அடியில்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உருவான வண்டி அது. அப்பா 1978இல் பழைய வண்டியாகவே அதை வாங்கினார். எங்களுள் மூத்தவர் பொறியாளர். இளையவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். நாங்கள் இருவரும் சண்டையின்றிப் பேசக்கூடிய பொருள்கள் சிலவே. அவற்றுள் முதலாவது இந்த வண்டி.

அம்பாசிடரிலும் பியட்டிலும் உடலும் சட்டகமும் ஒன்றே. ஹெரால்டுக்கோ தனிச் சேசிஸ். உடலைக் கழற்றி இறக்கிவிடலாம். ஆகவே துரு முதலில் தேடிவருவதும் அந்தச் சேசிஸையும் அதன் கீழுள்ள உறுப்புகளையுந்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து போகி வந்ததும் அப்பா பழைய பாயொன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பார். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்பு எனாமல். நாங்கள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அலுத்துப்போய் உட்கார்ந்திருப்போம். அவர் பூசிய வண்ணம் ஓராண்டு கூடத் தாங்காது. அடுத்த போகிக்கு மறுபடியும் பாய்.

2014இல் அப்பா காலமானார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரத்து வீட்டில் வண்டி இரண்டு நாள் நீரில் நின்றது. மறு ஆண்டு நாங்கள் அதைப் பிரித்தோம். கீழுறுப்புகள் அனைத்துக்கும் பவுடர் கோட்டிங் செய்வதென முடிவாயிற்று. 'இனி அடியில் படுக்கவே வேண்டாம்' என்றார் மூத்தவர். அந்தச் சொல்லில் இருவருக்குமே ஒரு நிம்மதி இருந்தது.

தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் அந்த வேலையைப் பார்த்தோம். உலர்ந்த வண்ணப்பொடிக்கு மின்னூட்டம் தந்து இரும்பின்மேல் தூவுகிறார்கள். பொடி தானே சென்று ஒட்டிக்கொள்கிறது. பின்னர் ஏறத்தாழ 180, 200 பாகை வெப்பத்தில் உருகி, ஒரே தோலாக இறுகுகிறது. திரும்பி வந்த உறுப்புகள் கருங்கல் சிலைபோல் மினுங்கின. ஆறு ஆண்டுகள் நாங்கள் குனிந்தே பார்க்கவில்லை.

2022இல் முன்சக்கரப் பக்கம் ஏதோ சத்தம். புஷ் மாற்றவந்த பெரியவர், தகட்டை வளைத்துச் செய்த கீழ் ஆர்மை ஸ்குரூடிரைவரால் தட்டினார். ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறியது. நகத்தால் நெருடினார். மினுக்கம் குன்றாத அந்தக் கறுப்புத்தோல் வெந்த கிழங்கின் தோலைப்போல் உரிந்து வந்தது. அடியில் இரும்பு செதில் செதிலாக இருந்தது.

"எத்தனை வருஷமாத் தம்பி கீழே பார்க்கல?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. முந்தைய வாரந்தான் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போய்வந்திருந்தோம். முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த ஆர்ம்.

காரணங்களைப் பிறகு ஒவ்வொன்றாக அறிந்தோம். மின்னூட்டம் பெற்ற பொடி விளிம்பையும் வெளிமுகத்தையும் நாடும். உட்குழிவுக்குள் எளிதில் புகாது. கூரிய விளிம்பிலோ, உருகும்போது விலகி மெலிந்துவிடும். போல்ட் இறுகும் இடத்தில் தடித்த பூச்சு நசுங்கி விரிசல் காணும். அந்த வழியாக நுழையும் நீர் வெளியேற இயலாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்து பரவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளத்துத் துரு உட்குழிவில் எஞ்சியிருந்தது. அங்கே மணல் வீசித் துடைத்தார்களா என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. மினுக்கத்தைத்தான் பார்த்தோம்.

பவுடர் கோட்டிங்கைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. அதே நாளில் பூசிய சக்கர வளையங்கள் இன்றும் புதியனபோல் இருக்கின்றன. அவை தட்டையானவை, அடிவரை துடைக்கப்பட்டவை, தினமும் கண்ணில் படுபவை. அப்பாவின் எனாமல் எளிய பூச்சு; துரு வந்தால் மறுவாரமே செம்மை கசிந்து காட்டிக்கொடுக்கும். உறுதியான பூச்சு தன் அடியில் நடப்பதை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டது.

புதிய ஆர்ம்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். அவற்றுக்கு எப்பாக்சி பிரைமரும் சாதாரணக் கறுப்பு வண்ணமும் போதும் என்றோம். எங்கேனும் கல் பட்டால் தூரிகையால் தொட்டுவிடலாம். நல்ல நிலையிலிருந்த மற்ற உறுப்புகளில் பவுடர் பூச்சு அப்படியே இருக்கிறது. போல்ட் அமரும் இடங்களில் மட்டும் அதைச் சுரண்டி நீக்கினோம்.

அப்பாவின் பாய் பரணில்தான் இருந்தது. ஓரம் செல்லரித்திருந்தது, ஆனாலும் ஒருவர் படுக்கலாம். போகியன்று மூத்தவர் அடியில் போகிறார்; இளையவர் டார்ச் பிடிக்கிறார். பிள்ளைகள் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.